மூன்றாம் நாள் வராத அளவுகோல்

ஐயா,

எங்கள் பசு இரண்டு மாதமாக இருமி இளைத்துப்போனது. காசநோயோ என்று கழுத்துத் தோலுக்குள் டியூபர்குலின் என்ற சோதனை ஊசி போட்டார்கள். 72 மணி நேரம் கழித்து அந்த இடத்துத் தடிப்பைக் காலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்தால்தான் விவரம் தெரியும். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. சம்பா அறுவடை நேரம், நானும் அலையவில்லை. சரி, ஊசி வீண்.

இதே நோயைக் கண்டுபிடிக்க காமா இன்டர்ஃபெரான் என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. மாட்டை ஒரே தடவை பிடித்தால் போதும். ஆனால் இரத்தத்தில் செல்கள் உயிரோடு இருக்கும்போதே ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கியாக வேண்டும். மாதிரியை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறைக்கோ பல வாரங்கள் ஆகும், அதற்குள் என் பசு கன்றே போட்டுவிடும்!

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மன்னார்குடி, பாபநாசம், திருவையாறு ஊர்களிலிருந்து இரத்த மாதிரிகளை அன்றன்றே அங்கே கொண்டுசேர்க்க, வாரம் ஒருநாள் கால்நடைத் துறை ஒரு வண்டி விடலாமே?

இந்த நோய் பால் வழியே நமக்கும் வரலாம் என்பதால் பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். பச்சைப் பால்தான் உடம்புக்கு நல்லது என்று அப்பா மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறார்.

– ஒரு மாட்டுக்காரர், திருவையாறு