எத்தனை பேர் என்பது காரணமாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழோடு நீங்கள் கொடுத்த பிளஸ் டூ வழிகாட்டி இணைப்பைப் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மகனைப் பொறியியல் கலந்தாய்வுக்கு அனுப்பப் போகிறவள். கணினி அறிவியல் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தாள்: "இத்தனை ஆயிரம் பேர் முதல் விருப்பமாக எடுப்பது தவறாக இருக்க முடியாது." அவளுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. எனக்கு அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்கள் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அந்தப் பையனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே காயில் கம்பி கருகிவிட்டதா, கெப்பாசிட்டர் போய்விட்டதா என்று பார்த்த உடனே சொல்லிவிடுவான். எலக்ட்ரிக்கல் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது வாயைத் திறப்பதில்லை. கணினி அறிவியல் கெட்ட படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் படிக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. எல்லோரும் எடுக்கிறார்கள் என்பது அதில் ஒன்று இல்லை.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2005-ஐ ஒட்டி ஆசிரியர் பயிற்சி என்று ஒரு ஓட்டம் ஓடினார்கள். ஊருக்கு ஊர் தனியார் பயிற்சி நிறுவனம் முளைத்தது. என்னிடம் படித்த பெண்கள் அந்தச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறார்கள். அப்புறம் 2010-க்குப் பிறகு மெக்கானிக்கல். இடம் கிடைக்காமல் அழுத பிள்ளைகளைப் பார்த்தேன். சில வருடத்திலேயே அதே பிரிவில் இடங்கள் காலியாகக் கிடந்ததையும் பார்த்தேன். அந்தந்த வருடம் பத்திரிகைகள் என்ன எழுதின என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஈமு கோழியையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறையைச் சுற்றி அதற்காகக் கொட்டகை போடாத ஊர் குறைவு. பணம் கட்டிப் பறவையை வாங்கி வளர்த்தால் மாதாமாதம் பணம் தருகிறோம் என்று கம்பெனிகளின் முழுப் பக்க விளம்பரங்கள் வந்தன. என் கொழுந்தனார் நகையை அடகு வைக்கக் கிளம்பியபோது, "இந்தக் கறியை யாருங்க சாப்பிடுறாங்க? முட்டையை எந்தக் கடையில விக்கிறாங்க?" என்று கேட்டேன். "ஊரே போட்டிருக்குதுங்க அண்ணி, அத்தனை பேரும் முட்டாளுங்களா?" என்றார். மாதாமாதம் கைக்கு வந்த பணம் கறி விற்று வரவில்லை, அடுத்துச் சேர்ந்தவர் கட்டிய பணம்தான் என்பது 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தபோது புரிந்தது. தீனியில்லாமல் நின்ற பறவைகளுக்குக் கடைசியில் அரசாங்கம்தான் தீனி போட வேண்டியிருந்தது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டார்களே, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டிய ஊசி. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரை வரலாம், இதயத்தில் கோளாறு வரலாம். இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் விளக்கினேன், தலையாட்டினார்கள். ஊசி போடும் நாள் காலையில் பள்ளி வாசலில் அம்மாக்கள் கூட்டம். "வேண்டாம் டீச்சர், வாட்ஸப்பில் வந்திருக்குது. யாரும் போடலைங்கிறாங்க." அந்த 'யாரும்' யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். செவிலியர் ஐஸ் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் சத்துணவுக்கூடச் சமையலர் அம்மா ஒருவர்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூன்றாம் வகுப்பில் படித்த தன் பேத்தியை எல்லோர் முன்னாலும் உட்கார வைத்து ஊசி போட வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அம்மா வந்தார். அப்புறம் வரிசை வந்தது. என் விளக்கத்தால் வராத வரிசை அது.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் செய்த சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று கேட்டார். கூட இருந்தவர்கள் முன்பே சொல்லி வைத்தபடி தப்பான கோட்டைக் காட்டினார்கள். விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்தத் தப்பையே சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது, அப்படித் தப்பாகச் சொன்னது கால்வாசியாகக் குறைந்துபோனது.

அந்த ஒருவருக்கு உங்கள் இணைப்பில் இடம் இல்லையே என்பதுதான் என் வருத்தம். எத்தனையோ வருடமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கூட்டம் போகாத பிரிவை விரும்பி எடுத்து வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேரைப் பேச விடுங்கள். என்ன படித்தார்கள், என்ன கஷ்டப்பட்டார்கள், என்ன சம்பளம் என்று மறைக்காமல் சொல்லட்டும். பிரிவுவாரியாகப் போன வருடம் நிரம்பாத இடங்களின் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். விருப்பப் பட்டியலைப் பூட்டும் தேதிக்கு முன்னால் அது கடைக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
ஈரோடு மாவட்டம்.