முதலில் ஆற்றடிக்கு

அன்புள்ள மகளுக்கு,

யூலையில் சின்னவனையும் கூட்டிக்கொண்டு இன்ரர்லாக்கன் வருகிறாய் என்று கேட்டதிலிருந்து அம்மா மா வறுக்கத் தொடங்கிவிட்டா. என் பங்குக்கு நான் வழி எழுதுகிறேன். முதல் நாளே யுங்பிராவ்யொஹ் மலைரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடாதே. 3454 மீற்றர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஏற்றினால் பிள்ளைக்குத் தலையிடிதான் மிஞ்சும். மலை எங்கே ஓடப்போகிறது? முதலில் அவனை லூட்சினே ஆற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போ.

இந்த ஆறு, மலை, பனியெல்லாம் உனக்கு இங்கே சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஜெர்மனில் சொல்லித் தந்ததுதான். ஆனால் அவனுக்கு நீ தமிழில் சொல்லவேண்டும். போனில் கதைத்தபோது கிளெட்சருக்குத் தமிழில் என்ன என்று கேட்டாயே, அதனால்தான் இந்தக் கடிதம். அது பனியாறு, மகள். மலையில் மெல்ல மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டி.

ரயிலில் போய் ஸ்வைலூட்சினனில் இறங்குங்கள். ‘ஸ்வை’ என்றால் இரண்டு, பெயரிலேயே இரண்டு லூட்சினே இருக்கிறது. லவுற்றர்புறுன்னன் பக்கமிருந்து வெள்ளை லூட்சினே, கிறின்டெல்வால்ட் பக்கமிருந்து கறுப்பு லூட்சினே. பனியாறு பாறையை அம்மி மாதிரி அரைக்கும். அரைத்த மா அடியில் படியாமல் தண்ணீரோடு மிதந்து வரும். வெள்ளையில் அது பால் கலந்த மாதிரி. கறுப்பு வருகிற பள்ளத்தாக்கில் கருஞ்சாம்பல் பலகைக்கல் அதிகம், அதனால் அந்தத் தண்ணீர் கொஞ்சம் மங்கல். பின்னேரம் போ. பகல் வெயிலில் உருகிய பனி கீழே வந்துசேர நேரம் எடுக்கும், காலையில் போனால் பாதி ஆறுதான் பார்ப்பாய். மாரியில் போனால் அதுவும் இல்லை. சத்தமில்லாமல் தெளிந்து கிடக்கும்.

ஒரு விஷயம். அந்த ரயில் ஸ்வைலூட்சினனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஒரு பள்ளத்தாக்குக்கு, மற்றப் பாதி மற்றதற்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை நான் பலகையைப் பார்க்காமல் ஏறி, லவுற்றர்புறுன்னனில் உருளைக்கிழங்கு உரிக்கவேண்டியவன் கிறின்டெல்வால்டில் போய் நின்றேன். ஐகர் மலை தலைக்கு மேலே, 3967 மீற்றர். பயத்தில் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளையின் பக்கம் போங்கள். லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கு தட்டையான அடியும் செங்குத்தான சுவருமாக இருப்பது பனியாறு செதுக்கியதால். ஸ்டவுப்பாஹ் அருவி 300 மீற்றர் அளவு உயரத்திலிருந்து விழுகிறது, காற்று அடித்தால் பாதி வழியிலேயே தூவானமாகிவிடும். ‘ஸ்டவுப்’ என்றால் தூசி. ஆனால் எனக்குப் பிடித்தது துறும்மல்பாஹ். ஐகர், மொன்ஹ், யுங்பிராவ் மூன்றின் பனியாறுகளிலிருந்தும் வரும் தண்ணீர் மலையின் வயிற்றுக்குள்ளே பத்து அருவியாக இறங்குகிறது. செக்கனுக்கு 20,000 லீற்றர் வரை. பாறை அதிர்வது காலில் தெரியும். சின்னவன் காதைப் பொத்துவான், பொத்தட்டும்.

யுங்பிராவ்யொஹ்ஹுக்கு மூன்றாம் நாள் போகலாம். அங்கே நின்று இதை மட்டும் சொல்லு: வடக்குப் பக்கம் உருகும் பனி லூட்சினே, பிறியன்ஸ் ஏரி, ஆரே, றைன் என்று போய் வடகடலில் சேரும். தெற்குப் பக்கம் அலெட்ச் பனியாற்றில் விழுந்தது றோன் வழியாக மத்தியதரைக்கடலுக்கு. ஆரே என்றதும் நினைவு வருகிறது, "ஆற்றுக்குப் பெயரே ஆறா அப்பா?" என்று நீ கேட்டதை அம்மா இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிணறுதான். மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை ஆறென்று சொல்லி வளர்ந்தவன் நான். வருடம் முழுக்க ஓடுகிற தண்ணீரை இங்கேதான் கூடவிருந்து பார்த்தேன். 2005 ஓகஸ்டில் லூட்சினே கரை மீறி வந்தபோது எங்கள் நிலக்கீழ் கெல்லரில் இரண்டு மூட்டை அரிசி ஊறிப்போனது நினைவிருக்கும். அம்மா ஆற்றைத் திட்டினா. திட்டி என்ன? தூன் ஏரியும் பிறியன்ஸ் ஏரியும் முன்பு ஒரே ஏரி. தெற்கிலிருந்து லூட்சினேயும் வடக்கிலிருந்து லொம்பாஹ்ஹும் மண்ணும் கல்லும் கொட்டிக் கொட்டித்தான் நடுவில் இந்த நிலம் எழும்பியது. எங்கள் வீடு நிற்பதே அது போட்ட மண்ணில்.

கிறின்டெல்வால்டில் ஒன்றை அவனுக்குக் காட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் கீழ்ப் பனியாறு ஊரின் அடிவரை வந்து கிடந்தது. இப்போது அது பின்வாங்கிப் பாறை இடுக்குக்குள் போய்விட்டது. பழைய படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

யூலை என்றாலும் தடித்த யக்கெற் கொண்டு வா. ஆற்றடியில் அவன் கையை விடாதே, இழுப்பு மெத்த. இரண்டு வெறும் போத்தல் தந்துவிடுகிறேன். இரண்டு லூட்சினேயிலும் ஒவ்வொரு போத்தல் நிரப்பிக்கொண்டு வாருங்கள். குசினி யன்னலில் வைத்து எது முதலில் தெளிகிறது என்று பார்ப்போம். வெள்ளைதான் என்று அம்மா சொல்லுகிறா. நான் கறுப்பு.

அன்புடன்,
அப்பா