உதவித்தொகை யார் நினைவாக? உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

சிறுபான்மைச் சமூக இளம்பெண்களுக்காக நாம் திரட்டும் படிப்பு உதவித்தொகையை டாக்டர் ஹெலன் ரோட்ரிகஸ் ட்ரியாஸ் நினைவாகத் தரலாம் என்று முன்மொழிகிறேன். அவர் யார் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டீர்கள். கேட்காதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1929இல் நியூயார்க்கில் பிறந்து, போர்ட்டோ ரிக்கோவில் மருத்துவம் படித்த குழந்தை மருத்துவர். 1970இல் நியூயார்க் திரும்பி, பிராங்ஸ் பகுதியிலுள்ள லிங்கன் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். ஏழை, கறுப்பின, லத்தீன் (லத்தீன் அமெரிக்க வழிவந்த), பழங்குடிப் பெண்கள் பலருக்கு முழு விவரம் சொல்லாமலே கருத்தடை அறுவை செய்யப்பட்ட காலம் அது. புரியாத மொழியிலிருந்த தாளில் கையெழுத்து வாங்கியதும் உண்டு. அதை எதிர்த்து அமைப்பு தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். அரசு நிதியில் அந்த அறுவை நடக்க வேண்டுமானால் பெண்ணுக்குப் புரியும்படி விளக்கி ஒப்புதல் பெற வேண்டும், பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதிகள் 1979இல் நடப்புக்கு வந்ததில் இவர்களது போராட்டத்தின் பங்கு பெரிது. 1993இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் லத்தீன் பெண் அவர்தான். 2001 டிசம்பரில் புற்றுநோயால் காலமானார்.

மதிப்பெண்ணை முதலில் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து (ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்). மருத்துவரிடம் அம்மாவுக்காக மொழிபெயர்த்தே வளர்ந்த பெண்ணுக்கு முன்னுரிமை கொடுப்போம். மருத்துவம் மட்டுமல்லாமல் செவிலியர், பொதுச் சுகாதாரப் படிப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுப்போ மாற்று யோசனையோ இருந்தால் ஞாயிறு இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். அதுவரை காலை வணக்கப் படங்களுக்கு விடுமுறை.