டீப்பாய்க்கு விளிம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரவேற்பறை மேசைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரம், நிறம், விலை என்று எல்லாம் சொன்னவர், அந்த மேசையில் எதை வைத்துக் குடிக்கப்போகிறோம் என்று கேட்கவே இல்லை. குன்னூரில் பல காலமாக மரவேலை செய்கிறவனுக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. மேசையின் உயரத்தையும் ஓரத்தையும் அன்றைக்கு வீட்டில் குடித்த பானம்தான் பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை விலை அதிகம். 1784இல் குறைப்பதற்கு முன் வரி மட்டுமே சுமார் 119 சதவீதம். சீனாவிலிருந்து கப்பலில் வந்த பீங்கான் கோப்பையும் மலிவானதல்ல. கை பட்டாலும் கோப்பை கீழே விழக்கூடாதே! அதனால் டீ மேசையின் வட்டப் பலகையில் நடுப்பகுதியைச் செதுக்கித் தாழ்த்தி, ஓரத்தை மட்டும் எழும்ப விட்டார்கள். நல்ல மேசைகளில் அந்த விளிம்பு ஒட்டுவேலை அல்ல, ஒரே கனத்த பலகையில் செதுக்கியது. அதற்காக எவ்வளவு மஹோகனி மரம் சீவலாகப் போயிருக்கும் என்பது உளி பிடித்தவனுக்குத் தெரியும். அடியில் மூன்று கால்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கால் ஆடாது. குடித்து முடித்ததும் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துச் சுவரோரம் தள்ளிவிடலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊற்றிக் கொடுக்க ஏற்ற உயரம் அது. சோபாவில் சாய்ந்துகொண்டு குடிக்கும் பழக்கம் வந்த பிறகுதான் முழங்கால் உயர மேசை பரவியது.

நம்மிடம் காபிக்கு மேசையே தேவைப்படவில்லை. சிந்துவதை டவரா வாங்கிக்கொள்ளும், சுடாமல் பிடிக்க அதன் விளிம்பு இருக்கிறது. விளிம்புள்ள டீப்பாய் செய்த வேலையை டவரா நம் கையிலேயே செய்துவிட்டது. இங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளில் பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் டம்ளர் வைத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டவராவும் போய்விட்டது, விளிம்பும் போய்விட்டது. கடைகளில் கிடைப்பது வழவழப்பான கண்ணாடி போட்ட தாழ்ந்த டீப்பாய். ஈரம் கோத்த கண்ணாடியில் டம்ளர் தானாக நகரும். பேரப்பிள்ளை தவழும் வீட்டில் கொதிக்கக் கொதிக்க டீயை அதில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஒவ்வொரு வாய்க்கும் குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது. அரக்கு பாலிஷ் போட்ட மர டீப்பாயில் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். டீ குடிக்கிற வீட்டுக்குச் சூடு தாங்கும் பாலிஷ்தான் போட வேண்டும்.

பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையைக் காலாக வைத்து இங்கே அழகான டீப்பாய்கள் செய்கிறார்கள். அடுப்புக்குப் போக வேண்டிய மரம் வீட்டுக்குள் வருவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அதற்கும் மேலே கண்ணாடிதான் வைக்கிறார்கள். தேயிலைக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மலையெங்கும் நிற்கிறதே, அதில் ஒரு பலகை அறுத்து மேலே போடலாமே!

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடக்கி, முழங்கை நிற்கும் உயரத்தை அளந்துகொண்டு ஆசாரியிடம் போங்கள். அதற்குச் சற்றுக் கீழே பலகை இருக்கட்டும். சுற்றிலும் அரை அங்குலம் எழும்பும்படி பீடிங் (மெல்லிய மரச் சட்டம்) அடிக்கச் சொல்லுங்கள். துடைக்கும்போது தண்ணீர் வெளியேற ஒரு மூலையில் மட்டும் சிறு இடைவெளி விடச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர்,
குன்னூர், நீலகிரி.