குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. விளையாட்டுப் போட்டியும் இரத்ததான முகாமும் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குகள் பழுதுபார்க்கப்பட்டன.

இவ்வாண்டின் முக்கியப் பணி பேரிடர்காலக் குடிநீர் ஏற்பாடு. வெள்ளம் வந்தால் கீழ்த்தொட்டிக்குள் சாக்கடை புகும்; மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மேல்தொட்டியில் இருப்பதுதான் மிச்சம். எனவே எச்சரிக்கை வந்த உடனேயே அதை நிரப்பி, இறங்கு குழாயின் வால்வை மூட வேண்டும். தாமதித்தால் கழிவறைக்கும் துணி துவைக்கவுமே தொட்டி காலியாகிவிடும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டோம். 160 பேருக்கு மூன்று நாளுக்கு 1,920 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 96. கையில் இருப்பவை 60; இரண்டு நாளைக்கே முழுதாகப் போதாது. குளியல், கழுவல் இதில் சேரவில்லை. நிவாரண முகாம்களுக்கான ஸ்ஃபியர் நெறிமுறை எல்லாத் தேவைக்கும் சேர்த்துக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது.

சில வீடுகளிலிருந்து வந்த பால் கேன்களை ஏற்கவில்லை. எவ்வளவு கழுவினாலும் ஒட்டியிருக்கும் எச்சத்தில் கிருமி வளரும். கேன்களை வெயில் படாமல், பெட்ரோலுக்கும் பூச்சிமருந்துக்கும் எட்டத்தில் வைத்திருக்கிறோம்; அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவும். நிரப்பிய நீரை ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றியாக வேண்டும்.

இருப்பு தீர்ந்தால், கலங்கல் நீரைத் தெளியவைத்துத் துணியில் வடிகட்டி, 5 முதல் 6 சதவீத குளோரின் திரவத்தை லிட்டருக்கு 2 சொட்டு விட்டு அரைமணி நேரம் வைக்கவும். மணமோ சோப்போ கலந்த திரவம் கூடாது. லேசான குளோரின் வாடை வராவிட்டால் அதே அளவு மறுபடி விட்டுக் கால்மணி நேரம் காத்திருக்கவும். பழைய திரவமும் திறந்துகிடந்த பிளீச்சிங் பவுடரும் வீரியம் இழந்திருக்கும். எண்ணெயோ ரசாயனமோ கலந்த நீருக்குக் குளோரினும் உதவாது, கொதிக்கவைப்பதும் உதவாது.

இதற்காக நடத்திய ஒத்திகைக்குப் பாதி வீடுகளிலிருந்துகூட ஆள் வரவில்லை. வால்வு எங்கே இருக்கிறதென்று தெரியாதவர்கள் இருட்டில், மழையில் அதைத் தேட முடியாது. குடிநீர் பற்றிப் பலமுறை சுற்றறிக்கை அனுப்பியும் இந்த நிலை என்பது வருத்தமளிக்கிறது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விவரங்களைப் பொருளாளரிடம் பார்க்கலாம். மீதி 36 கேன்களும் கைப்பம்பும் வாங்காததற்குச் சந்தா பாக்கியே காரணம். பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை.

தலைவர், பொருளாளர், கேன் சுமந்த இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பில் யார் இருந்தாலும், நீர் மாற்றும் நாளில் வீட்டுக்கு ஒருவர் வந்தால்தான் வேலை நடக்கும். பெயர்ப்பதிவு நோட்டு வாசலருகே மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்