ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நினைவிழந்து கிடப்பவர்களுக்கு உணர்வு மிச்சமிருக்கிறதா என்பதை மூளை ஸ்கேன் மூலம் அறிவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாங்குநேரி அருகே பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, கண் திறந்தபடியே ஏழு மாதம் படுக்கையில் கிடந்தவரின் தம்பி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் 'கோமா' என்று சொல்லிவிடுகிறோம். கோமாவில் கண் திறக்காது. கண் திறந்தும் எதையும் உணராத நிலை வேறு. உணர்வு அவ்வப்போது தலைகாட்டி மறையும் நிலை வேறு. பின்னிரண்டையும் பிரித்தறிவதில்தான் தவறு நேர்கிறது. உணர்வே இல்லை என்று மருத்துவக் குழுவினர் முடிவுகட்டிய 44 பேரை பெல்ஜிய ஆய்வாளர்கள் முறைப்படி சோதித்தபோது, 18 பேருக்கு உணர்வு இருந்தது 2009-இல் வெளியானது.

நாம் பையில் சுமந்து அலையும் எம்ஆர்ஐ ஃபிலிம் மூளையின் காயத்தைத்தான் காட்டும். எஃப்எம்ஆர்ஐ, நோயாளியை ஒன்றை நினைக்கச் சொல்லி, அப்போது மூளையின் எந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் மாறுகிறது என்று பார்ப்பது. டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னதும் 23 வயதுப் பெண்ணின் மூளை ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே இயங்கியதைக் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். சொன்னதற்கு உடலால் அசைந்து பதில் தராத 241 பேரில் 60 பேரின் மூளை எஃப்எம்ஆர்ஐயிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியிலோ பதில் தந்ததாக 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதே ஆய்வில், படுக்கையருகே சொன்னபடி செய்துகாட்டிய 112 பேரில் 43 பேரிடம் மட்டுமே ஸ்கேனோ ஈஈஜியோ மூளையின் பதிலைக் கண்டது. ஆகவே ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து ஒருவரைக் கைவிட்டுவிட முடியாது.

அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டு, மதினி முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே பிடிப்பார்கள். கண்ணாடி இடப்பக்கம் நகர்ந்தால் அண்ணனின் பார்வையும் கூடவே நகரும். ரவுண்ட்ஸ் வந்த மருத்துவரிடம் சொன்னபோது, "பாசத்தில் அப்படித் தோணும்மா" என்று சொல்லிப் போய்விட்டார். உணர்வை அளக்கும் சிஆர்எஸ்-ஆர் சோதனையிலேயே பார்வை தொடர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியைத்தான் பிடிக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தோம்.

அச்சோதனைக்கு அரைமணி நேரம் போதும். உணர்வு வேளைக்கு வேளை மாறுவதால், இரண்டு வாரத்தில் ஐந்து முறையாவது செய்ய வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை உள்ளிட்ட நம் மாவட்ட மருத்துவமனைகளில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் முதலில் இதில் பயிற்சி தர வேண்டும். எஃப்எம்ஆர்ஐ அதற்குப் பிறகு வரட்டும். கூட இருக்கும் உறவினர் கவனித்துச் சொல்வதையும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அண்ணனின் கேஸ் ஷீட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டேன். மதினி சொன்ன கண்ணாடி விஷயம் அதில் எங்குமே இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.