கையைத் தூக்கிக் கேள், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

சமூகவியல் பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே என்றுதான் என் மனம் சொல்கிறது. ஆனால் ஒரே வரியில் அப்படி எழுதி அனுப்பினால், நீ மனசுவிட்டு எழுதிய அத்தனைக்கும் அது பதிலாகாது. அதனால் நீ அனுப்பிய வகுப்புக் குறிப்புகளை நைட் டியூட்டிக்கு எடுத்துப்போய், வார்டு அடங்கிய நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். சில இடங்கள் முதல் தடவை பிடிபடவில்லை. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை செய்யும் என் தோழி சில புத்தகங்களை எடுத்துக் கொடுத்தாள்.

செமஸ்டர் தொடங்கியபோது நீ வேறு மாதிரி பேசினாய். "இதுல புதுசா என்னம்மா இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாய். குடும்பம் பிள்ளையை வளர்க்கும் விதம், கூட்டத்தில் மனிதர்கள் மாறிப்போவது, இதற்கெல்லாம் ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமா என்றாய். உன் குறிப்பில் ஓரமாக லாசர்ஸ்ஃபெல்ட் என்று பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவர் ஒரு சமூகவியலாளர், என்ன செய்தார் என்று தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களிடம் சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அது 1949இல் வெளிவந்தது. அதே ஆண்டு அதைப் பற்றி எழுதிய லாசர்ஸ்ஃபெல்ட், முடிவுகள் என்று சிலவற்றை முதலில் அடுக்குகிறார். படித்த வீரர்களிடம் மனநோய் அறிகுறிகள் அதிகம். தென் மாநிலத்து வீரர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள், அதனால் பசிபிக் பெருங்கடலின் தென்பகுதித் தீவுகளின் வெக்கையை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள். கிராமத்து வீரர்கள் நகரத்தாரைவிடத் தெம்பாக இருந்தார்கள். படிக்கும்போது, பின்னே வேறெப்படி இருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அடுத்த பத்தியில் சொல்கிறார்: ஆய்வு கண்டது இவை ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரானது.

நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரானதை முதலில் சொல்லியிருந்தாலும் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தலையாட்டியிருப்பேன். வார்டில் புதிதாகச் சேரும் பெண்கள், "தொட்டுப் பார்த்தேன் சிஸ்டர், காய்ச்சல் இல்லை" என்பார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல் என்று திருப்பி அனுப்புவோம். உன் பாடம் செய்வதும் அதுதான். தெரிந்தது என்று நினைப்பதை அளந்து பார்க்கச் சொல்கிறது. அந்த ஒன்றுக்காகவே நீ இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, உன்னை நோகவைத்த விஷயத்துக்கு வருகிறேன். சமத்துவமின்மை பற்றிய வகுப்பில், ஒருவர் அடையும் இடத்தில் பெரும் பங்கு அவர் பிறந்த வீட்டுக்கு உண்டு என்று நடத்தினார்களாம். உனக்கு அழுகை வந்துவிட்டதாம். விழித்து விழித்துப் படித்து நீ வாங்கிய இடத்தை யாரோ வந்து பிடுங்கிக்கொண்டது போல இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில், பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியு பற்றிப் படித்தபோது உன்னைப் பற்றியே எழுதியிருக்கிறார் என்று தோன்றியதாகவும் எழுதியிருக்கிறாய். வகுப்பில் சரளமாகப் பேசுகிற பிள்ளைகள் நடுவே வாய் திறக்க முடியாமல் இருக்கும் உன்னை. இரண்டும் ஒரே பாடம்தான், கண்ணு. ஒன்று உன்னிடமிருந்து எடுக்கிறது என்றும் மற்றது உனக்காகப் பேசுகிறது என்றும் உனக்குப் பட்டிருக்கிறது.

பூர்தியுவும் அவரோடு சேர்ந்து எழுதிய பாஸ்ரோனும் 1964இல் பிரெஞ்சுப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி எழுதியது இதைத்தான். கல்வி நிலையம் சிலவற்றைக் கற்றுக்கொடுக்காமலேயே எதிர்பார்க்கிறது. தயங்காமல் பேசுவது, பேராசிரியரிடம் இயல்பாகப் பழகுவது, பாடத்துக்கு வெளியே வாசித்திருப்பது. இவற்றைச் சில பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். பிறகு கல்வி நிலையம் அதையே திறமை என்று சொல்லி மதிப்பெண் போடுகிறது. பூர்தியுவும் ஒரு சிறு கிராமத்தில் தபால் ஊழியர் ஒருவருக்குப் பிறந்தவர்தான். அவர் எழுதியதில் உன் உழைப்பைக் குறைத்துச் சொல்லும் ஒரு வரியும் எனக்கு அகப்படவில்லை. நீ உழைத்தாய். நான் பார்த்தேன். அறை விளக்கு எந்நேரம் வரை எரிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் தேர்வு அறைக்குள் வந்து உட்கார்ந்தவர்களில் யார் முந்தினார்கள் என்பதற்குத்தான் உழைப்பு விளக்கம் சொல்லும். அந்த அறைக்கே வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் தாய் படுக்கையில் விழுந்தார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அவள் படிப்பு அதோடு நின்றது. நான் நர்ஸ் ஆனேன். என் உழைப்பு பொய்யில்லை. அவளிடம் உழைப்பு குறைவு என்று யாராவது சொன்னால் அதுதான் பொய்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய ஒரு கணக்கு உன் குறிப்பில் இருக்கிறது, நீ அதன்கீழ் கோடுகூடப் போடவில்லை. 1,00,000 பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். 5 கோடி உழைப்பாளிகள் உள்ள நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், ஒவ்வொருவர் குணத்தையும் ஆராய்ந்து எந்தத் தீர்வும் கிடைக்காது. இதை நிதானமாக ஒருமுறை படி. வகுப்பில் பேச முடியாமல் இருப்பது உனக்கு மட்டும்தானா என்பதையும் பார். உன்னைப் போன்ற வீடுகளிலிருந்து வந்த இன்னும் எத்தனை பேர் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாயா?

இதைச் சொன்ன கையோடு ஒரு விஷயத்தில் உன்னைக் கண்டிக்கவும் வேண்டியிருக்கிறது. உன் அறைத்தோழியைப் பற்றி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. வசதியான வீட்டுப் பெண், அவளுக்கு எல்லாமே தட்டில் வைத்துக் கொடுத்தது, அவள் வருத்தப்பட்டால் அது நடிப்பு என்று எழுதியிருந்தாய். பாடத்தில் படித்ததை அவள்மேல் ஒட்டுகிறாய். அது பாடத்தின்படியே தவறு. 1950இல் ராபின்சன் என்பவர், 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். 48 மாநிலங்களையும் ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக உள்ள மாநிலங்களில் எழுத்தறியாதவர்கள் குறைவு. அப்படியானால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் படித்தவர்கள் என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுவோம். ஆளுக்கு ஆள் பார்த்தால், அவர்களிடையேதான் எழுத்தறியாமை அதிகம். மற்றவர்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் போய் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். திரளைப் பற்றிய உண்மையை எடுத்து ஓர் ஆளின்மேல் வைத்தால் தலைகீழாகவும் போகலாம். நூறு பேரில் இத்தனை பேர் பிழைப்பார்கள் என்று எங்கள் புத்தகமும் சொல்லும். எதிரே கட்டிலில் கிடப்பவர் அந்த நூறில் யார் என்று சொல்லாது. அதனால்தான் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நிற்கிறோம். அந்தப் பெண் அழுதால் என்ன ஆயிற்று என்று கேள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டால்காட் பார்சன்ஸ் என்ற சமூகவியலாளர் 1951இல் நோயாளி என்பதையே ஒரு சமூகப் பாத்திரமாக எழுதியிருக்கிறார் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நோயுற்றவருக்கு இரண்டு சலுகைகள்: வழக்கமான கடமைகளிலிருந்து விடுப்பு, நோய்க்கு அவரைக் குற்றம் சொல்லக்கூடாது என்பது. இரண்டு கடமைகள்: குணமாக வேண்டும் என்று விரும்புவது, தகுதியானவரிடம் சிகிச்சை பெற்று ஒத்துழைப்பது. இத்தனை வருஷம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன், இதில் நிறைய உண்மை இருக்கிறது. மருந்து வேண்டாம் என்று மறுக்கும் நோயாளியிடம் சுற்றி நிற்பவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது? அவர் ஏதோ ஒப்பந்தத்தை மீறியதுபோல ஏன் பேசுகிறார்கள்? அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் யாரும் நோயாளி என்று ஏற்றுக்கொள்ளப்படாததும் இதில் வந்துவிடுகிறது.

ஆனால் டயாலிசிஸுக்கு வாராவாரம் வருகிறவரை இதில் எங்கே வைப்பது? அவருக்கு விடுப்பு கிடையாது. இயந்திரத்திலிருந்து எழுந்து நேரே வேலைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குணமாக வேண்டும் என்று விரும்புவது கடமை என்றால், குணமே ஆகாத நோயில் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவது? குற்றம் சொல்லக்கூடாது என்கிறாரே, குடித்துக் கல்லீரல் கெட்டு வருகிறவரிடமும், உடல் பருமனோடு வருகிறவரிடமும் எங்கள் ஆட்களே எந்தக் குரலில் பேசுகிறார்கள் தெரியுமா? பார்சன்ஸ் மனதில் இருந்தவர் கொஞ்ச நாள் படுத்து எழுந்து போகிறவர் என்று நினைக்கிறேன். நாள்பட்ட நோய்க்கு இது பொருந்தவில்லை என்று பிறகு வந்த சமூகவியலாளர்களும் எழுதியிருக்கிறார்கள் என்று தோழி கொடுத்த புத்தகத்தில் கண்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இதை ஏன் நீட்டி எழுதுகிறேன் என்றால், நீ உன் பாடத்தைத் தீர்ப்பு மாதிரி கேட்டுக்கொண்டு வருகிறாய். அது தீர்ப்பில்லை. பெரிய பெயருடையவர்கள் சொன்னதையும் வாழ்க்கையில் வைத்துச் சரிபார்த்து, பொருந்தாத இடத்தைச் சொல்லலாம். சொல்லித்தான் அந்தப் படிப்பே வளர்ந்திருக்கிறது. உனக்குப் பொருந்தவில்லை என்று தோன்றும் இடத்தில் கையைத் தூக்கிக் கேள். வாக்கியம் சரளமாக வராவிட்டால் எழுதி வைத்துக்கொண்டு படி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்காக உன் சொந்தக் கதையை எடுத்து வகுப்பின் நடுவே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கலந்துரையாடலில் மற்றவர்கள் அவரவர் வீட்டு வேதனையைச் சொன்னார்கள், நானும் சொல்லாவிட்டால் தவறோ என்று கேட்டிருந்தாய். தவறில்லை. சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும், நீ மரியாதையாகக் கேள், வெளியே கொண்டுபோகாதே. நீ சொல்வதும் சொல்லாததும் உன் உரிமை.

கடைசியாக அசைன்மென்ட். எங்கள் வார்டுக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து கவனித்து எழுதலாமா என்று கேட்டாய். முடியாது, கண்ணு. அங்கே இருப்பவர்கள் வலியில் இருப்பவர்கள், உன்னிடம் சரி என்று சொல்லும் நிலையிலும் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் இல்லை. என் மகள் என்பதற்காக உனக்குக் கதவு திறக்கக்கூடாது. ஆய்வு செய்கிறவர் யார், எதற்காக என்று தெரிந்து அவர்கள் சம்மதிக்க வேண்டும் என்று உன் குறிப்பிலேயே இருக்கிறது. பொது இடம்தான் வேண்டும் என்றால் லிஃப்டைக் கவனி. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, உன்னை உறுத்துப் பார்க்கவில்லை என்று காட்டுவதுபோலக் கண்ணைத் திருப்பிக்கொள்வதை எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் எழுதியிருக்கிறார். யார் பெயரும் அடையாளமும் இல்லாமல் அதை எழுத முடியும்.

இல்லையென்றால் நேர்காணல் எடு, என்னிடமே எடு. ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்ற பெண் சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியது அடுத்த வாரம் வருகிறதாமே. சிரித்த முகமும் சம்பளத்துக்கான வேலையில் சேர்ந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்டது. ஒரு கட்டிலில் உயிர் போனதும் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் சிரித்தபடி போன நாட்களைப் பற்றி நீ கேட்கலாம். அந்தச் சிரிப்பில் எவ்வளவு வேலைக்கானது, எவ்வளவு என்னுடையது என்பதில் எனக்கும் அந்த அம்மையாருக்கும் கருத்து வேறுபாடு வரும் என்று நினைக்கிறேன், கேட்டுப் பார்த்து நீ எழுது. நோயாளிகளைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டேன். அப்பாவிடமும் அதே கேள்விகளைத் தனியாகக் கேள், நான் பக்கத்தில் இல்லாதபோது. வீட்டுக்கு வந்தபிறகு நான் எப்படி இருந்தேன் என்று அவர்தான் பார்த்தவர். ஞாயிறு மாலை எனக்கு டியூட்டி இல்லை. கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடு.

அன்புடன்,
அம்மா